பொலிஸ் வானொலி வலையமைப்பும் வெளிநாட்டு உதவியும்: வானொலிச் செட்டைத் தருபவர் பற்றரிக்குப் பொறுப்பேற்பாரா?

உவர்மலை ஓய்வூதியர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பொலிஸ் வானொலியில் வந்து நின்றது. எங்கள் இலங்கையைப் போன்ற கடன்பட்ட நாடு ஒன்றிடம் ஒரு வெளிநாட்டு அரசு வந்து, நாடு முழுவதற்குமான பொலிஸ் வானொலி வலையமைப்பைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று சொன்னால், அதை வாங்கலாமா, வாங்குவதானால் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பதே கேள்வி. அரைமணி நேரத்தில் முடிகிற விடயம் அல்ல என்பதால் இந்த இணைய மன்றத்தில் எழுதுகிறேன். நான் தொலைத்தொடர்புத் தொழில்நுட்பவியலாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோபுரங்களில் ஏறி இறங்கியவன். பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கான அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறேன். பொலிஸில் வேலை செய்தவன் அல்லன். ஆகவே கம்பியையும் காற்றையும் உப்பையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். மற்றவற்றில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதலில் தூரக் கணக்கைப் பார்ப்போம். பொலிஸார் பயன்படுத்தும் வீ.எச்.எப். எனப்படும் மிக உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. முப்பது மீற்றர் உயரத்தில் அன்டனா ஒன்றைக் கட்டி, கையில் வோக்கி டோக்கியுடன் ஒருவர் தரையில் நின்றால், இடையில் எந்தத் தடையும் இல்லாதபோது, ஏறத்தாழ 27 கிலோமீற்றருக்குள் இருவரும் பேசலாம். இது தாளில் உள்ள கணக்கு. திருகோணமலையிலிருந்து கொட்டியாரக்குடாவுக்கு மேலாக மூதூருக்குப் பேசுவது எளிது, ஏனெனில் இடையில் கடல் மட்டுமே இருக்கிறது. அதே கோபுரத்திலிருந்து கோமரங்கடவல பக்கத்துக் காட்டுக்குள் நிற்பவரிடம் பேச முயன்றால், குன்றும் ஈரமான மரங்களும் கணக்கைப் பாதியாக்கிவிடும். புல்மோட்டைக்கும் வெருகலுக்கும் இடையில் நீண்டு கிடக்கிற எங்கள் மாவட்டத்துக்கு ஒரு கோபுரம் போதாது என்பது இங்கிருப்பவருக்குத் தெரியும். கொழும்பிலோ வேறு தலைநகரத்திலோ இருந்துகொண்டு வரைபடத்தில் வட்டம் போடுபவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது உப்பு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடற்கரைக் கோபுரம் ஒன்றில் ஏறி, அன்டனாக் கேபிளின் இணைப்பியைச் சுற்றியிருக்கும் கறுப்பு நாடாவை வெட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். வெளியில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். நாடாவை உரித்தவுடன் உள்ளே செம்பு, விளக்காமல் விட்ட குத்துவிளக்கைப் போலப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்; கேபிளின் பின்னலை விரலால் தேய்த்தால் தூளாக உதிரும். கீழே உபகரண அறையில் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருக்க, மேலே அனுப்பும் சக்தியில் பாதி அந்தக் களிம்புக்குள் போய்க்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க அளவுமானி ஒன்றும், மேலே ஏறத் துணிந்த ஓர் ஆளும், ஆறு மாதத்துக்கொரு தடவை அவரை அனுப்ப வாகனமும் எரிபொருளும் வேண்டும். உதவித் திட்டங்களின் கையளிப்பு விழாப் படங்களில் வானொலிச் செட்டுகளைக் கண்டிருக்கிறேன். அந்த அளவுமானியை இதுவரை கண்டதில்லை.

மூதூர் தோணித்துறை

உவர்மலை ஐயா சொன்ன கடல்வழித் தொடர்பு எளிது என்பது உண்மைதான். ஆனால் தொடர்பு இருப்பதும், தேவையான நேரத்தில் அது கிடைப்பதும் இரண்டு விடயங்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் உறவினர் ஒருவரின் படகு இயந்திரம் பழுதாகி இரவில் குடாவுக்கு வெளியே இழுபட்டுப் போனது. நாங்கள் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். உதவி செய்ய வேண்டும் என்றே நினைத்தார். ஆனால் அவர் மேசையிலிருந்த வானொலியைத் தொடவே இல்லை. தனது சொந்தக் கைத்தொலைபேசியை எடுத்து, மற்றொரு நிலையத்தில் வேலை செய்கிற தன் நண்பரை அழைத்தார், அவர் எடுக்கவில்லை. பிறகு இன்னொருவரை அழைத்தார். நாற்பது நிமிடங்கள் அப்படியே கழிந்தன. இறுதியில் படகைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் ஊர் மீனவர்களே. மேசையிலிருந்த வானொலி பழுதா, அல்லது அவருக்குப் பழக்கமில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆழ்கடலுக்குப் பல நாள் செல்லும் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவிகளை ஆஸ்திரேலியா வழங்கியதை மீனவர்கள் அறிவார்கள். அந்தக் கருவியால் எங்களுக்கும் பாதுகாப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் படகுகளைத் தடுப்பதில் கொடுப்பவருக்கு இருந்த அக்கறையை அறியாதவர் யார்? கொடுப்பவரின் தேவையும் எங்கள் தேவையும் ஒரே கருவியில் ஏறி வரலாம். வரும்போது எது முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பலகாமம் இளையவன்

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தக் காலத்தில் எதற்காகத் தனியான வானொலி வலையமைப்பு? ஒவ்வொரு உத்தியோகத்தரிடமும் திறன்பேசி இருக்கிறது. அழுத்திப் பேசும் செயலிகள் இருக்கின்றன. தென்கொரியா போன்ற நாடுகளே பொதுப் பாதுகாப்புக்குக் கைத்தொலைபேசித் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகின்றன. கோபுரம், அன்டனா, களிம்பு எல்லாவற்றையும் தொலைபேசிக் கம்பனிகளிடம் விட்டுவிட்டு, உதவிப் பணத்தில் நல்ல திறன்பேசிகளை வாங்கிக் கொடுத்தால் என்ன?

உவர்மலை ஓய்வூதியர்

தம்பி, கேள்வி நியாயமானது; வெளிநாட்டு ஆலோசகர்களும் இதையே கேட்பார்கள். தென்கொரியா கட்டியது பொலிஸ், தீயணைப்பு முதலியவற்றுக்கென்று தனி அலைவரிசை ஒதுக்கி அமைத்த வலையமைப்பு. நீங்களும் நானும் காணொளி பார்க்கும் அதே வழியில், அதே நெரிசலில், பொலிஸாரையும் நிறுத்துவது அதற்கு ஈடாகாது. சிவராத்திரி இரவில் கோணேசர் கோயிலடியில் நின்று ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

எங்கள் நாட்டின் அனுபவம் இரண்டைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில மணி நேரத்துக்குள் அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றை முடக்கியது. அரசாங்கமே முடக்கக்கூடிய ஒரு வழியில் அரசாங்கத்தின் பொலிஸ் தங்கியிருந்தால், மிக அவசரமான நாளில் அவர்களுடைய வாயும் சேர்ந்து கட்டப்படும். அடுத்தது 2022 மார்ச் மாத முடிவு. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. ஒரு கோபுரத்தின் ஈய அமிலப் பற்றரிகள் சில மணி நேரம் தாங்குவதற்காக வைக்கப்பட்டவை. முழுதாக நிரம்ப நேரம் கிடைக்காமல் திரும்பத் திரும்ப அடிமட்டம் வரை இறங்கினால் அவை சில வாரங்களில் இறந்துவிடும். அப்படி இறந்தவற்றுக்கு மாற்றுப் பற்றரி இறக்குமதி செய்ய அப்போது டொலர் இருக்கவில்லை. அந்த மாதங்களில் தொலைபேசிச் சமிக்ஞை வந்து வந்து போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பொலிஸ் வலையமைப்புக்கும் அதே விதி வரலாம் என்பது சரிதான். ஆகவேதான் உதவி தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மின்சாரம் இல்லாமல் உங்கள் கோபுரம் எத்தனை மணி நேரம் பேசும் என்பதாக இருக்க வேண்டும் என்கிறேன். இன்னொரு நுட்பம்: இத்தகைய பற்றரிகளின் ஆயுள் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு எழுதப்பட்டது. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் பாதியாகக் குறையும். குளிர் நாட்டில் பத்தாண்டு வாழும் என்று அட்டவணையில் போட்ட பற்றரி, எங்கள் கச்சான் காற்றுக் காலத்தில் குளிரூட்டி நின்றுபோன தகர அறைக்குள் எத்தனை ஆண்டு வாழும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வடகடல் பொறியாளர்

நான் பிறந்தது உப்புவெளியில். இப்போது நோர்வேயின் ஒஸ்லோவில் வசிக்கிறேன். பொதுப் பாதுகாப்பு வானொலித் துறையில் வேலை என்பதால் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

இன்று நாடளாவிய பொலிஸ் வானொலிக்கு உதவி என்று வருபவற்றில் பெரும்பாலும் மூன்று வகைகளைக் காணலாம். ஐரோப்பியத் தரமான டெட்ரா, அமெரிக்கத் தரமான பி25, இவற்றைவிட மலிவான டி.எம்.ஆர். என்பன அவை. டெட்ரா 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைத்தடத்தை நான்கு நேரத்துண்டுகளாக வெட்டி நான்கு பேச்சுகளை ஒரே சமயத்தில் அனுப்பும்; நகரத்தில் அது மிகச் சிறந்தது. ஆனால் ஒரு கோபுரம் எட்டும் தூரம் குறைவாதலால், பரந்த காடும் வயலும் உள்ள பிரதேசத்துக்குக் கோபுரங்கள் கூடுதலாக வேண்டும். எந்தத் தரம் சிறந்தது என்று விவாதிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. பெரும்பாலும் உதவி எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அந்த நாட்டின் கம்பனி எதை விற்கிறதோ, அதுவே சிறந்த தரம் என்று முடிவாகிவிடும். ஜப்பானின் சிறப்பு நிபந்தனைக் கடன்களில் ஒப்பந்தப் பெறுமதியில் குறைந்தது 30 சதவீதம் ஜப்பானியப் பொருளாகவோ சேவையாகவோ இருக்க வேண்டும். இந்தியக் கடனுதவித் திட்டங்களில் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து பெறப்பட வேண்டும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்காமல் ஒப்பமிடுவது வாங்குபவரின் பிழை.

நான் அதிகம் அஞ்சுவது மறையாக்கத்தை, அதாவது பிறர் ஒட்டுக்கேட்காதபடி பேச்சைப் பூட்டுவதை, பற்றி. டெட்ராவில் காற்றில் செல்லும் பேச்சைப் பூட்டும் முறைகள் பல உண்டு. டீ.ஈ.ஏ.2 எனப்படுவது ஐரோப்பியப் பொலிஸாருக்கென்று ஒதுக்கப்பட்டது. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் கீழ் வெளியே விற்க அனுமதிக்கப்பட்ட பூட்டு டீ.ஈ.ஏ.1. 2023 ஜூலையில் மிட்நைட் புளூ என்ற நெதர்லாந்து ஆய்வு நிறுவனம் அதைப் பிரித்துப் பார்த்தபோது, எண்பது பிட் (இரும இலக்கம்) நீளமானது என்று சொல்லப்பட்ட சாவி, அதாவது பூட்டைத் திறக்கும் இரகசிய எண், உள்ளே வெறும் முப்பத்திரண்டு பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கடையில் வாங்கக்கூடிய கணினியால் ஒரு நிமிடத்துக்குள் திறக்கக்கூடிய பூட்டு அது. தரத்தை வகுத்த ஐரோப்பிய அமைப்பு, அதுவரை இரகசியமாக வைத்திருந்த அந்த மறையாக்க முறைகளைப் பகிரங்கப்படுத்தப்போவதாக அதே ஆண்டின் பிற்பகுதியில் அறிவித்தது. சுருங்கச் சொன்னால், தங்கள் வீட்டுக்கு ஒரு பூட்டும் விற்பனைக்கு வேறொரு பூட்டுமாக வைத்திருந்தார்கள். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றேதான்.

ஆகவே எந்த நாடாக இருந்தாலும், எந்த முறையில் பூட்டுகிறீர்கள், சாவியை உருவாக்குவது யார், அதைச் செட்டுகளுக்குள் ஏற்றும் கருவி யாருடைய அலுமாரியில் இருக்கும், மென்பொருள் புதுப்பிப்புக்காகத் தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழியை யார் திறந்து மூடுவது என்று எழுத்தில் கேட்க வேண்டும். சாவி தருபவரின் கையில் இருந்தால், அந்த வலையமைப்பு இரவலாக வந்ததுதான்.

பணக்கார நாடு என்றால் தப்பித்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பிரித்தானியப் பொலிஸாரின் எயார்வேவ் வலையமைப்பை 2016இல் மோட்டோரோலா கம்பனி வாங்கியது. அதற்குப் பதிலாக வரவேண்டிய புதிய வலையமைப்பு ஆண்டுக்கணக்கில் தாமதமானதால், பழையதற்கே தொடர்ந்து பணம் கட்ட வேண்டியதாயிற்று. 2023இல் அந்நாட்டின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. லண்டனுக்கே அந்த நிலை.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்தக் கட்சியின் காலத்தில் யார் எவ்வளவு தரகு வாங்கினார் என்பதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்

நான் பொலிஸ் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகள் தொடர்பாடல் அறையிலும் இருந்திருக்கிறேன். மூதூர்த் தம்பி கேட்ட கேள்விக்கு, அந்தக் குறிப்பிட்ட நிலையத்தைப் பற்றி அறியாமல், பொதுவாகப் பதில் சொல்கிறேன்.

வானொலி வேலை செய்தாலும் பல உத்தியோகத்தர்கள் கைத்தொலைபேசியையே எடுப்பார்கள். வானொலியில் சொன்னால் எல்லாருக்கும் கேட்கும், மேலதிகாரிக்கும் கேட்கும், சொன்ன நேரம் செய்திப் புத்தகத்தில் ஏறும். தொலைபேசியில் சொன்னால் இருவருக்குள் முடிந்துவிடும். நாளைக்கு விசாரணை வந்தால், அப்படி ஒரு செய்தி எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லவும் இடம் இருக்கும். கோடிக்கணக்கான ரூபாய்க்கு டிஜிட்டல் வலையமைப்பைக் கொண்டுவந்து வைத்தாலும் இந்தப் பழக்கம் தானாக மாறப்போவதில்லை.

எங்கள் காலத்தில் அதிகாலையில் ஒவ்வொரு நிலையத்தையும் பெயர் சொல்லி அழைத்து, கேட்கிறதா என்று சோதிப்போம். பதில் வராத நிலையத்துக்கு எதிரே சிவப்புப் பேனையால் கோடு போடுவோம். மூன்று நாள் தொடர்ந்து கோடு விழுந்தால் ஆள் அனுப்பப்படும். அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் எந்த நிலையம் எந்த மாதத்தில் ஊமையாகும் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். இடி மின்னல் மிகுந்த ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் சிவப்புக் கோடு கூடும். செட்டுகளைப் பற்றிய முறைப்பாட்டில் முக்கால்வாசி பற்றரியைப் பற்றியதுதான். ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்கினால் கைச்செட்டின் பற்றரி இரண்டு ஆண்டு தாண்டுவது கடினம். புதிய செட்டு வரும்போது ஒரு செட்டுக்கு இரண்டு பற்றரி வரும். மூன்றாம் ஆண்டில் நாலு செட்டுக்கு ஒரு நல்ல பற்றரி மிஞ்சும். இரவு ரோந்துக்குப் போகிறவர் அதைக் கொண்டுபோவார். மற்றவர்கள் வெறும் செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பார்கள். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

வடகடல் தம்பி சொன்ன சாவி விடயம் நாட்டுக்கு முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பற்றரி செத்த செட்டுக்கு எந்தச் சாவியும் தேவையில்லை.

கிண்ணியா ஆசிரியை

இவ்வளவு நேரமும் ஒருவரும் மொழியைப் பற்றிப் பேசாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வலையமைப்பின் ஒரு முனையில் பொலிஸ் இருக்கிறது. மறுமுனையில் இருப்பது யார்? என் தந்தையார் மயங்கி விழுந்த இரவில் நான் ஓர் அவசர எண்ணை அழைத்தேன். மறுபுறம் பேசியவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் அந்தப் பதற்றத்தில் வாய்க்கு வரவில்லை. வீட்டு முகவரியை மூன்று தடவை சொன்னேன். கடைசியில் பக்கத்து வீட்டு நானா வந்து தொலைபேசியை வாங்கிப் பேசினார். அந்த அழைப்பு எத்தனை கிலோஹெர்ட்ஸ் தடத்தில் சென்றிருந்தால் எனக்கு உதவியிருக்கும்?

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ். பொலிஸ் சேவையில் தமிழ் பேசுவோர் மிகக் குறைவு என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விடயம். தமிழில் முறைப்பாடு செய்வதற்கென்று 107 என்ற இலக்கம் அறிமுகப்படுத்தப்பட்டதை வரவேற்கிறேன். அந்தத் தேவை இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அழைப்பைத் தமிழில் எடுப்பவர், அதைச் சிங்களத்தில் வானொலியில் சொல்லி, அதைக் கேட்ட ரோந்துக் குழு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று மீண்டும் தமிழில் பேச ஓர் ஆளைத் தேடுமானால், செய்தி இரண்டு இடத்தில் மொழி மாறுகிறது. "கடற்கரைப் பள்ளி" என்று நான் சொன்னால் பள்ளிவாசலா பள்ளிக்கூடமா என்று எங்கள் ஊரவருக்கே சில நேரம் கேட்டுத்தான் தெளிய வேண்டியிருக்கிறது. இடையில் மொழிபெயர்ப்பவர் ரோந்து வாகனத்தை எங்கே அனுப்புவார்? வெளிநாட்டு உதவியில் பயிற்சிக்கென்று ஒரு பகுதி எப்போதும் இருக்கும். அதில் இரு மொழிகளும் தெரிந்த கட்டுப்பாட்டறை ஊழியரை உருவாக்கவும், ஊர்களின் பெயர்கள் தமிழில் உள்ளவாறே கணினியில் ஏற்றவும் பணம் ஒதுக்கச் சொல்லலாம். கோபுரத்தோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறியது.

நீதிமன்ற வீதி

சட்டத்தரணி என்ற முறையில் ஒரே ஒரு விடயம். டிஜிட்டல் வலையமைப்பில் ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. யாருடைய செட்டு, எந்த நேரத்தில், எத்தனை விநாடி, எந்தக் கோபுரத்தின் ஊடாகப் பேசியது என்பது பதிவாகும். பேச்சையே பதிவுசெய்யும் வசதியும் உண்டு. சார்ஜன்ட் ஐயா சொன்ன, எனக்குச் செய்தி கிடைக்கவில்லை என்ற பதிலுக்கு அங்கே இடம் குறைவு. இந்த நகரத்தில் வாழ்பவருக்கு அதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரும் 2019 ஜூலையில் போதிய சான்று இல்லையென்று விடுவிக்கப்பட்டனர். வானொலிப் பதிவு இருந்திருந்தால் அந்த வழக்கு வேறுவிதமாக முடிந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அதைச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அன்றிரவு எந்த வாகனம் எங்கே நின்றது என்ற வகைக் கேள்விக்கு, சாட்சிகள் அஞ்சும் ஓர் ஊரில், இயந்திரத்தின் பதிவு பதில் சொல்லும் என்கிறேன்.

ஆகவே பதிவுகள் எத்தனை ஆண்டு வைக்கப்படும், அழிக்கும் அதிகாரம் யாருக்கு, நீதிமன்றமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் கேட்டால் எத்தனை நாளில் தரப்படும் என்பன உதவி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மனித உரிமைகளை மோசமாக மீறிய படைப்பிரிவுகளுக்கு உதவி வழங்குவதை அமெரிக்காவின் லேஹி சட்டம் தடுக்கிறது. கொடுக்கும் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது எங்கள் பொறுப்பு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தைக் கேட்டால், தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுப்பார்கள். அந்த விலக்கு சட்டத்திலேயே இருக்கிறது. அலைவரிசையையும் சாவியையும் மறைக்கட்டும். விலையையும் பராமரிப்புக் காலத்தையும் மறைக்கப் பாதுகாப்பில் என்ன காரணம் இருக்கிறது?

தம்பலகாமம் இளையவன்

சேர், அதே பதிவு எங்களைக் கண்காணிக்கவும் பயன்படாதா? பொலிஸ் செட்டின் இருப்பிடத்தைக் காட்டும் திரையில் நாளைக்கு எங்கள் தொலைபேசியின் இருப்பிடத்தையும் சேர்த்துக்கொண்டால்?

நீதிமன்ற வீதி

பயன்படும். கருவி வந்த பிறகு சட்டம் இயற்றுவோம் என்றால், இயற்றப்படாது. அதனால்தான் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

மூதூர் தோணித்துறை

கொடுக்கும் நாடுகள் ஒன்றோடொன்று போட்டியிடும்போது என்ன நடக்கும் என்பதற்குச் சொலமன் தீவுகளைப் பாருங்கள். அங்கே உள்நாட்டுக் கலவரத்துக்குப் பிறகு 2003 முதல் 2017 வரை ஆஸ்திரேலியா தலைமையிலான பிராந்திய உதவிப் பணி பொலிஸைக் கிட்டத்தட்ட அடியிலிருந்து கட்டியெழுப்பியது. 2022இல் அதே நாடு சீனாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தது. ஒரே பொலிஸுக்கு இரு தரப்பாரும் பயிற்சியும் உபகரணமும் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் கொடுத்த செட்டுகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் அந்தப் போட்டியில் தோற்பது தீவு மக்கள்தான். திருகோணமலைத் துறைமுகத்தின் மீது எத்தனை நாடுகளின் கண் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு என் பாட்டனார் காலத்திலிருந்து நடக்கிறது.

வடகடல் பொறியாளர்

மூதூர் அண்ணன் சொல்வதற்கு ஒரு துணைக்குறிப்பு. செட்டுகள் பேசாமல் போக இரண்டு நாடுகள் தேவையில்லை; பாதி முடிந்த ஒரு திட்டம் போதும். 2011 ஜூலை 22ஆம் திகதி இங்கே ஒஸ்லோவில் குண்டு வெடித்து, பிறகு உத்தோயா தீவில் இளைஞர்கள் சுடப்பட்டபோது, தலைநகரப் பொலிஸாரிடம் புதிய டிஜிட்டல் வலையமைப்பு இருந்தது. தீவு அமைந்திருந்த மாவட்டத்துக்கு அது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. நாடு முழுவதும் முடிந்தது 2015இல்தான். நாடளாவிய திட்டம் என்று பெயரிடப்பட்டவை தலைநகரில் தொடங்கி, பணம் தீரும் இடத்தில் நிற்கும். எங்கள் மாவட்டம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கேளுங்கள். அதுவரை பழைய அனலாக் செட்டையும் புதியதையும் இணைக்கும் வழி என்ன என்றும் கேளுங்கள்.

உவர்மலை ஓய்வூதியர்

எல்லாவற்றையும் வாசித்தேன். சார்ஜன்ட் ஐயாவின் சிவப்புக் கோட்டுப் புத்தகத்துக்கு இணையான கண்காணிப்பு மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆசிரியை சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கோபுரத்தில் ஏறியவனுக்குக் கீழே பேசுபவர் தெரிவதில்லை.

வெளிநாட்டு உதவி என்றாலே ஏமாற்று என்று யாரும் இங்கே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது மூதூருக்கு லோஞ்சில் போனவன். இன்று சவூதி நிதியத்தின் கடனில் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்திலும், அதற்கப்பால் பிரான்ஸின் நிதியுதவியில் வந்த பாலங்களிலும் மோட்டார் சைக்கிளில் போகிறேன். 1990 அம்புலன்ஸ் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் இந்திய மானியத்தில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்தது. 2018இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. வாகனங்கள் வந்தன என்பதோடு நில்லாமல், அதை நடத்தும் அமைப்புக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. பொலிஸ் வானொலிக்கும் அப்படி ஓர் இடம் கேட்கலாம்.

மறுபுறத்தில், எங்கள் ஊரிலேயே ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்குச் சிற்றலை அஞ்சல் நிலையம் இருந்தது. பல ஆண்டுகள் இங்கிருந்து ஆசியாவுக்கு ஒலிபரப்பினார்கள். உலகம் சிற்றலையைக் கைவிட்ட பிறகு, 2010களின் தொடக்கத்தில் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கொடுத்தவரில் பிழை இல்லை. அவருடைய தேவை முடிந்தது. பொலிஸ் வலையமைப்பிலும், பத்தாம் ஆண்டில் உற்பத்தியாளர் அந்த மாதிரியை நிறுத்தும் நாள் ஒன்று வரும். அந்த நாளுக்கு உதிரிப்பாகம் எவ்வளவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதை முதல் ஆண்டிலேயே எழுத வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நூறு கோபுரம் தருகிறோம் என்பவரிடம் எழுபது கோபுரமும் பதினைந்து ஆண்டுப் பற்றரியும் கேட்பேன். விழாவுக்கு வரும் அமைச்சருக்கு இது பிடிக்காது. நூறு என்பது பெரிய எண். ஆனால் ஐந்தாம் ஆண்டில் நூறில் நாற்பது பேசாமல் நிற்பதைவிட எழுபதும் பேசுவது நல்லது. மீதி முப்பதுக்குப் பதிலாகக் காட்டுப்பக்க நிலையங்களுக்கு எச்.எப். எனப்படும் சிற்றலைச் செட்டும், ஏறத்தாழ நேராக மேல்நோக்கி அனுப்பி வானிலிருந்து தெறித்து இறங்கச் செய்யும் கம்பி அன்டனாவும் போதும். இரண்டு மரங்களுக்கிடையே கட்டலாம், விலையும் சொற்பம். 2004 சுனாமிக்குப் பிறகு தெற்குக் கரையில் தொலைபேசி அறுந்து கிடந்தபோது எங்கள் அமெச்சூர் நண்பர்கள் எச்.எப். வழியாகத்தான் செய்தி அனுப்பினார்கள்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்

ஐயா, ஒரு சிறு திருத்தம். எச்.எப். செட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது. மாலையில் அலைவரிசை மாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு கடமை நேரத்துக்கும் இருக்க வேண்டும். பகலில் நன்றாகக் கேட்ட அலைவரிசை இருட்டிய பிறகு காற்றில் கரைந்துவிடும். எங்களில் பலர் செட்டு பழுது என்று அறிக்கை எழுதியது அதனால்தான்.

கிண்ணியா ஆசிரியை

யாராவது இதைக் கடிதமாக எழுதி உரிய இடங்களுக்கு அனுப்புவதானால், எந்தெந்த ஊரில் தொடர்பு கிடைப்பதில்லை என்ற பட்டியலும் சேர்த்தால் நன்றாக இருக்கும். பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும்.

உவர்மலை ஓய்வூதியர்

ஆசிரியை சொல்வது சரி. பொலிஸ் அலைவரிசையை நாங்கள் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆனால் அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட இரண்டு மீற்றர் அலைவரிசை அதற்கு மிக அண்மையில் இருப்பதால், அதில் எங்கே கேட்காதோ பெரும்பாலும் பொலிஸ் வீ.எச்.எப். செட்டுக்கும் அங்கே கேட்காது. உரிமம் உள்ள நண்பர் ஒருவர் என் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பத்து நிமிடத்துக்கொரு தடவை அழைப்பார். நான் ஐந்து வாட் கைச்செட்டுடன் போகிறேன். முதலில் கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பாதை. அடுத்த வாரம் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை. கேட்காத இடங்களைக் கிலோமீற்றர்க் கல்லோடு குறித்துக்கொண்டால் போதும்.

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்

நானும் வருகிறேன். குறிக்கிற புத்தகமும் சிவப்புப் பேனையும் என்னிடம் இருக்கின்றன. மேலதிகப் பற்றரியை நீங்கள் கொண்டுவாருங்கள்.

மூதூர் தோணித்துறை

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். பதினொரு மணிக்குள் வந்தால் குடாவுக்குள் படகிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். அன்றிரவு எங்கள் படகு இழுபட்ட இடம் எனக்குத் தெரியும்.